மண்டை ஓடு அளந்தவருக்கு எதற்கு மாலை? – இராவதி கார்வே பற்றி ஒரு வாதம்

உசிலைக்காரன் | காலை 7.10

மகளிர் நாளுக்கு நம்ம ஊர்க் கல்லூரி ஒண்ணு வாசல்ல தட்டி வச்சிருக்கு. ‘இந்தியாவின் முதல் பெண் சமூகவியலாளர் இராவதி கார்வே’யாம். அதைப் படம் பிடிச்சுப் போட்டு இங்கயும் நாலு பேர் கைதட்டியாச்சு. பார்த்ததுல இருந்து எரியுது.

இவங்க 1928-ல பெர்லின் போயி 149 மண்டை ஓட்டை அளந்து டாக்டர் பட்டம் வாங்கினவங்க. வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர். ஆப்பிரிக்காவுல கலப்பின மக்களை அளந்து எழுதின ஆளு, பின்னாடி நாஜிகளுக்கு விஞ்ஞான முலாம் பூசிக் கொடுத்த ஆளு. அவருகிட்ட மண்டை ஓடு அளந்தவங்களுக்குச் சமூகவியலாளர்னு மாலையா?

நம்ம மண்ணுக்கு வந்து, நம்ம சனத்தோட உக்காந்து எழுதினவரு பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன். 1949-50-ல மதுரைக்கு மேற்க தங்கி, பிறமலைக் கள்ளர் வீட்டுக் கல்யாணம், சாமி, பங்காளிச் சண்டை எல்லாத்தையும் கேட்டு எழுதி 1957-ல பிரெஞ்சுல புத்தகமாப் போட்டாரு. அவருக்கு எந்தக் கல்லூரி வாசல்ல தட்டி வச்சிருக்கு?

கீழமாசி வீதி | காலை 8.02

தம்பி, கோவம் எவ்வளவு வேணாலும் இருக்கட்டும், தேதி சரியா இருக்கணும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933. இராவதி பெர்லின்ல ஆய்வை முடிச்சது 1930. நாஜி நாஜின்னு சேர்த்துப் பேசி ஊரை நம்ப வைக்கிற சோலி இங்க நடக்காது.

பெர்லினுக்கு முன்னாடி என்ன படிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? பிறந்தது 1905 டிசம்பர் 15, பர்மாவுல மியின்ஜான். அப்பா அங்க பருத்திக் கம்பெனியில வேலை. ஏழு வயசுல புனேக்குப் படிக்க அனுப்பிட்டாங்க. ஹுசூர்பாகா பெண்கள் பள்ளி. கூடப் படிச்ச சகுந்தலா பராஞ்ச்பே வீட்டுல இவரையும் ஒரு பிள்ளையா வளர்த்தாங்க. சகுந்தலாவோட அப்பாதான் ஃபெர்கூசன் கல்லூரி முதல்வரா இருந்த ராங்லர் பராஞ்ச்பே. 1926-ல ஃபெர்கூசன்ல தத்துவம் பி.ஏ. பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்துல ஜி.எஸ்.குர்யே கிட்ட எம்.ஏ., 1928. என்ன துறை? சமூகவியல். குர்யே யாருன்னு கேட்டுறாதீங்க, இந்தியச் சமூகவியலுக்கே அஸ்திவாரம் போட்டவர் அவர்.

பெர்லினுக்குப் போக வீட்டுல பட்ட பாடு தனி. புருசன் தினகர் கார்வே வேதியியல் ஆசிரியர், தானே ஜெர்மனியில படிச்சு வந்தவர், போயிட்டு வான்னு நின்னார். மாமனார் தோண்டோ கேசவ் கார்வே, 1916-ல பெண்களுக்குன்னு பல்கலைக்கழகமே தொடங்கினவர், 1958-ல பாரத ரத்னா வாங்கினவர். அவருக்கே மருமகள் கடல் தாண்டுறதுல சம்மதம் இல்லை. ஜீவராஜ் மேத்தா கிட்ட கடன் வாங்கித்தான் போனாங்க. திரும்பி வந்து 1931-லிருந்து 1936 வரை அந்தப் பெண்கள் பல்கலைக்கழகத்துல நிர்வாக வேலை. 1939-ல புனே டெக்கான் கல்லூரியில சமூகவியல் ரீடர். சாகுற வரைக்கும், அதாவது 1970 ஆகஸ்ட் 11 வரைக்கும், அந்த ஊர்தான் களம். ரீடர் பதவியில எழுதியிருந்ததே சமூகவியல்தான், தம்பி!

உசிலைக்காரன் | காலை 8.15

எல்லாம் சொன்னீங்க, 149 மண்டை ஓட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அது யாரோட மண்டை ஓடு? அதுக்குப் பதில் சொல்லுங்க.

செல்லூர்க்காரன் | காலை 8.31

அண்ணே, அக்கா, ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. சமூகவியல்னா என்ன, மானிடவியல்னா என்னன்னு முதல்ல ஒரு வரையறை வச்சுக்கிட்டா இந்தச் சண்டை பாதி குறைஞ்சுரும். இந்தியாவுல அந்தக் காலத்துல ரெண்டும் ஒரே துறையாத்தான் நடந்துச்சு. டெக்கான் கல்லூரியிலயே சமூகவியலும் மானிடவியலும் ஒரே கூரை. ‘முதல்’னா எதுல முதல்? பட்டத்துலயா, பதவியிலயா, களப்பணியிலயா?

உசிலைக்காரன் | காலை 8.40

வரையறை எல்லாம் அப்புறம் பார்க்கலாம் செல்லூராரே. அளக்கிறதுன்னா என்னன்னு எங்க பக்கத்துக்கு யாரும் வகுப்பு எடுக்க வேணாம். ரேகைச் சட்டத்துல, அதான் குற்றப் பரம்பரைச் சட்டத்துல, ஊர் ஊரா ஆம்பளைங்களை நிறுத்திப் பத்து விரலையும் மையில முக்கி எடுத்தாங்க. ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன சனத்து மேல 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூர்ல சுட்டாங்க. 16 பேர் செத்தாங்க, அதுல ஒரு பொம்பளையும் உண்டு. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆச்சு.

அதுக்கும் முந்தியே சென்னை அருங்காட்சியகத்துல இருந்த வெள்ளைக்காரர் தர்ஸ்டன் அளவுகோலோட அலைஞ்சாரு. மூக்கு அகலத்தை நூறால பெருக்கி நீளத்தால வகுத்து ஒவ்வொரு சாதிக்கும் ஒரு எண். அதையும் வச்சு 1909-ல தென்னிந்தியச் சாதிகளைப் பத்தி ஏழு தொகுதி. விரலை அளந்தவன், மூக்கை அளந்தவன், மண்டையை அளந்தவங்க, எல்லாம் ஒரே வரிசை. 149 மண்டை ஓடு, அதுல எத்தனை பேரு தானாக் கொடுத்தது?

கீழமாசி வீதி | காலை 9.20

பெருங்காமநல்லூரை இழுத்துட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்கன்னு நினைச்சீங்களா? அந்த 16 பேரும் எனக்கும் மனுசங்கதான். ஆனா அந்தத் துப்பாக்கியை இராவதி கையில கொடுக்காதீங்க.

அவங்க ஆய்வுத் தலைப்பே மண்டை ஓட்டுக் கோணல், அதாவது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்ணா இல்லாதது. அதை எப்படி அளக்கிறாங்கன்னு தெரியாமலே காலையில இருந்து 149, 149-னு எண்ணிக்கிட்டு இருக்கீங்க. சொல்றேன் கேளுங்க. ஓட்டை ஒரு தாங்கியில உக்கார வச்சு, கண்குழியோட கீழ்விளிம்பும் காதுத் துளையோட மேல்விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வர்ற மாதிரி நிறுத்தணும். பிறகு நடுக்கோடு. மூக்கெலும்பு நெத்தியோட சேர்ற இடம் முன்புள்ளி, மண்டைக்கு அடியில தண்டுவடம் நுழையிற துளையோட பின்விளிம்பு பின்புள்ளி. ரெண்டையும் சேர்த்து ஒரு செங்குத்துத் தளம் பிடிச்சு, அங்கிருந்து இடக் கன்ன எலும்பு எத்தனை மில்லிமீட்டர், வலக் கன்ன எலும்பு எத்தனை, இடக் காதுத் துளை, வலக் காதுத் துளை, நெத்தி மேடு, இப்படி ஜோடி ஜோடியா எடுக்கணும். இடத்துல இருந்து வலத்தைக் கழிச்சா வர்றதுதான் கோணல்.

இதுல தப்பு வர இடம் ஏராளம். நடுக்கோட்டுப் புள்ளியே பாதி ஓட்டுல ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும், அப்போ கோணலை அளக்கிற கோடே கோணல். புதைச்ச மண்ணு அமுக்கி ஓடு நசுங்கியிருக்கும். பச்சைப்பிள்ளையில ஒரே பக்கமாப் படுக்க வச்ச தலை பின்னால தட்டையாப் போயிருக்கும், அது பிறவி இல்லை, தொட்டில் பழக்கம். ஒரே ஓட்டை ஒருத்தரே மறுநாள் அளந்தா ஒரு மில்லிமீட்டர் மாறும். வித்தியாசமே ரெண்டு மூணு மில்லிமீட்டர்னா அந்த ஒண்ணு என்ன பாடு படுத்தும்னு யோசிங்க. மனசுல ஒரு முடிவை வச்சுக்கிட்டு அளக்கிறவனுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், வேண்டியதைக் கொண்டு வந்துருவான்.

ஃபிஷர் மனசுல முடிவு இருந்துச்சு. வெள்ளைக்காரன் மண்டை வலது முன்பக்கம் பெருத்துக் கோணலா இருக்கும், அங்கதான் அறிவு கூட, மத்தவங்களுக்கு அது இல்லைன்னு அவருக்கு எண்ணம். அதை நிரூபிக்கத்தான் இந்தத் தலைப்பையே கொடுத்தாரு. இவங்க 149-ஐயும் அளந்துட்டு, இனத்துக்கும் கோணலுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. இருபத்தஞ்சு வயசு முடியாத பொண்ணு, கடன் வாங்கிப் போன பொண்ணு, நிறுவனத்தோட இயக்குநர் மூஞ்சிக்கு நேரா ‘உங்க கணக்கு தப்பு’ன்னு சொன்னதுக்குக் கிடைச்சது குறைஞ்ச மதிப்பெண். தர்ஸ்டன் வரிசையில இதைச் சேர்க்கிறீங்களே, நியாயமா?

பேரையூர் ஐயா | காலை 10.05

ஒரு திருத்தம். ‘இராவதி’ என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். பர்மாவில் ஓடும் ஆற்றின் பெயரைத்தான் அந்த அம்மையாருக்கு வைத்தார்கள். அந்த ஆறு தமிழில் ஐராவதி. பர்மாவுக்குப் போய் வந்த நம் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஐராவதி என்றுதான் சொல்லி வந்தன. ஆகவே ஐராவதி கார்வே என்பதே சரி.

கீழமாசி வீதி | காலை 10.11

ஐயா, அவங்க மராத்தியில கையெழுத்துப் போட்டது ‘இராவதி’. ஆத்துக்கு நாம வச்ச பேரைக் கொண்டுபோய் ஆளுக்கு ஒட்ட முடியாது.

பேரையூர் ஐயா | காலை 10.30

தமிழில் எழுதும்போது தமிழ் வழக்குத்தான் முதன்மை. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

உசிலைக்காரன் | காலை 10.48

பேரை விடுங்கய்யா. அக்கா, முடிவு நல்ல முடிவுன்னு சொல்றீங்க, சரி. அவங்க அளந்த பெர்லின் மண்டை ஓட்டுச் சேகரத்துல ஜெர்மன்காரன் பிடிச்ச நாடுகள்ல இருந்து அள்ளிட்டு வந்த எலும்பு இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. எந்தக் குழியில தோண்டினாங்க, யாரு பாட்டன், யாரு ஆத்தான்னு கேட்டாங்களா? முடிவு நல்லா வந்துட்டா எடுத்த விதம் சரியாப் போயிருமா?

இன்னொண்ணு. அளவு தப்புன்னு பெர்லின்லயே தெரிஞ்சுக்கிட்டவங்க இந்தியாவுக்கு வந்து என்ன செஞ்சாங்க? மறுபடி அளவுகோலைத்தான் எடுத்தாங்க. மராட்டியத்துல சாதி சாதியாத் தலை, மூக்கு, உசரம் அளந்து 1951-ல தாண்டேகரோட சேர்ந்து புத்தகம். இதுக்கென்ன சொல்றீங்க? எம்.ஏ.வுக்கு எழுதினதும் சொந்தச் சாதி சித்பாவன் பிராமணரைப் பத்தி.

மானாமதுரை மண் | காலை 11.25

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அளந்தது எதுக்குன்னு பார்க்காம அளந்தாங்கன்னு மட்டும் சொல்றது சரியில்லை. மராட்டியத்துல கும்பார், அதாவது குயவர், ஒரே சாதின்னு வெளியில இருந்து பார்க்கிறவங்க சொல்லுவாங்க. இவங்க உள்ள போய்ப் பார்த்தா பெரிய சக்கரத்துக்காரர் வேற, சின்னச் சக்கரத்துக்காரர் வேற. பொண்ணு கொடுத்து எடுக்கிறது கிடையாது.

சக்கரம் வேறன்னா சும்மா இல்லைங்க. பெரிய கனமான சக்கரத்தைக் கம்பால சுத்தி விட்டா அதோட பாரமே அதைச் சுத்த வைக்கும், வாய் அகலமான பெரிய பானையை ஒரே மூச்சுல எழுப்பலாம். ஆனா களி மண் கொஞ்சம் இளகலா இருக்கணும், இறுகிப் போனா கையைத் திருப்பிவிடும். சின்னச் சக்கரம் சீக்கிரம் நின்னுரும், அதுல எழுப்புறது சின்ன உருப்படி, மிச்சத்தைத் தட்டித்தான் பெருக்கணும். உள்ள கல்லை அணைச்சு வெளிய மரத்தட்டால தட்டுற வேலை. மண்ணுல மணல் அளவு மாறும், சூளையில அடுக்குற விதம் மாறும். ஒருத்தர் கருவியை இன்னொருத்தர் தொட மாட்டார். தொழில் ஒண்ணா இருக்கிறதால சாதி ஒண்ணா இருக்கணும்னு இல்லை. அதைத்தான் அவங்க சொன்னாங்க.

கீழமாசி வீதி | மதியம் 12.10

மானாமதுரையாருக்கு நன்றி, விசயம் தெரிஞ்சு பேசுறீங்க. குர்யேவோட கணக்கு, பெரிய சாதி ஒண்ணு உடைஞ்சு உடைஞ்சு உட்சாதி ஆச்சுங்கிறது. அவர்கிட்டயே படிச்ச இராவதி அதைத் தலைகீழாப் போட்டாங்க. தனித்தனியா இருந்த, தங்களுக்குள்ளேயே பொண்ணு கொடுத்து எடுக்கிற அகமணக் கூட்டங்கள் ஒரே தொழிலால ஒரே பேருக்குள்ள வந்து கூடினதுதான் நாம ‘சாதி’ன்னு சொல்றது, உடைஞ்சது இல்லைன்னாங்க. 1961-ல வந்த ‘இந்துச் சமுதாயம்’ பத்தின புத்தகத்தோட மையமே இதுதான். பெர்லின்ல ஃபிஷரை எதிர்த்தாங்க, பம்பாயில குர்யேயை எதிர்த்தாங்க. அளவுகோல் ஒண்ணுதான், ஆனா சாதிக்குப் பிறப்பால ஒரே ரத்தம்ங்கிற பெருமையை உடைக்க அதைப் பிடிச்சாங்க. மூக்குக்கு எண் கொடுத்து யாரையும் மேல கீழ வைக்கலை.

உங்க துய்மோன் என்ன செஞ்சாருன்னு அதையும் பேசுவோமா? உசிலம்பட்டிப் பக்கம் கண்ணால பார்த்ததை எழுதினாரு, நல்லது. பிறகு பாரிசுல உக்காந்து மொத்த இந்தியாவுக்கும் தூய்மை, தீட்டுன்னு ஒரே சாவி போட்டுப் பூட்டினாரு.

உசிலைக்காரன் | மதியம் 12.22

துய்மோன் பக்கம் போகாதீங்க. கேள்வி 149.

திருமங்கலம் செல்வி | மதியம் 1.40

மண்டை ஓட்டுல ரெண்டு பேரும் மூழ்கிப் போனதால பெரிய தப்பை யாருமே தொடலை. அவங்க பேர் நிக்கிறதே 1953-ல வந்த உறவுமுறைப் புத்தகத்தால. இந்தியாவை வடக்கு, நடு, தெற்கு, கிழக்குன்னு நாலா வெட்டினாங்க. தெற்குல உறவுப் பேர் தலைமுறைப்படி இல்லை, வயசுப்படிதான், ‘தம்முன்’ ‘தம்பின்’னு ரெண்டே பிரிவு, தனக்கு மூத்தவங்க தனக்கு இளையவங்கன்னு எழுதினாங்க. இது நம்ம வீட்டுல செல்லுமா?

நம்ம பக்கம் பத்து வயசுச் சித்தப்பாவுக்கு இருபது வயசுல மகன் முறை ஆளு இருப்பான். மீசை முளைச்சவன் மூக்கொழுகுற பையனைச் ‘சித்தப்பா’ன்னுதான் கூப்பிடணும். வயசுதான் கணக்குன்னா அந்தப் பையன் தம்பி ஆகியிருக்கணுமே? பந்தியில தாம்பூலம் கொடுக்கும்போது கூட முறைப்படிதான் கொடுப்பாங்க, பிறந்த தேதி பார்த்து இல்லை. தலைமுறைதான் எலும்பு, வயசு தோல். அவங்க தோலைப் பார்த்து எலும்புன்னுட்டாங்க.

கீழமாசி வீதி | மதியம் 2.35

செல்வி, கூப்பிடுற சொல் வேற, கட்டிக்கிற முறை வேற. ரெண்டையும் ஒரே உலையில போட்டுக் கிண்டாதீங்க.

அவங்க சொன்னது கல்யாண முறை. தென்னகத்துல முதல் உரிமை அக்கா மகள், அடுத்தது அத்தை மகள், அடுத்தது மாமன் மகள். விலக்கு யாரு? தங்கச்சி மகள் கூடாது, சித்தி பெரியம்மா மகள் கூடாது. அக்கா மகள் ஆகலாம், தங்கச்சி மகள் ஆகக்கூடாதுன்னா, ரெண்டும் ஒரே தலைமுறைதானே? தலைமுறை மட்டும்தான் கணக்குன்னா ரெண்டும் ஆகணும், இல்லை ரெண்டும் ஆகக்கூடாது. நடுவுல கோடு போடுறது எது? மூப்பு இளமைதான்.

நம்ம பேச்சையே பாருங்க. அத்தை பெத்த ரெண்டு பொண்ணு. நமக்கு மூத்தவ மதினி, நமக்கு இளையவ கொழுந்தியா. மதினியைக் கட்ட முடியாது, கொழுந்தியாளைக் கட்டலாம். ஒரே வயித்துப் பிள்ளைகள், ஒரே தலைமுறை, ரெண்டு பேரு, ரெண்டு விதி. இதைப் புனேயில இருந்துக்கிட்டு ஒருத்தர் பிடிச்சாங்கன்னா அது சாமானியம் இல்லை.

இதோட விளைவையும் அவங்கதான் சொன்னாங்க. வடக்க அப்பா கோத்திரம், அம்மா கோத்திரம், ரெண்டு பாட்டி கோத்திரமும் விலக்கி, ஊரையும் விலக்கி, முகமே தெரியாத வீட்டுக்குப் பொண்ணைத் தள்ளுறாங்க. அங்க அவ ‘மருமகள்’, முக்காடு போட்டாகணும். பிறந்த ஊருக்கு வந்தா மட்டும் ‘மகள்’, தலை திறந்து நடக்கலாம். தெக்க பொண்ணு போற வீடு அத்தை வீடு, இல்லை அம்மா பிறந்த வீடு. மாமியாருக்கு இவ பிறந்த அன்னைக்கே சேனை வச்ச உரிமை இருக்கும். காதுகுத்துல மடியில உக்கார வச்ச மாமனே மாமனாராவும் வருவாரு. இந்த வித்தியாசத்தை எழுத்துல கொண்டு வந்தவங்களை மண்டை ஓட்டுக்காரின்னு சுருக்குறது அநியாயம்.

பேரையூர் ஐயா | மாலை 3.50

தம்முன், தம்பின் பற்றி ஒரு விளக்கம். இது அந்த அம்மையார் கட்டிய சொல் அன்று. தம்முன் என்றால் தமையன், பழைய இலக்கிய வழக்கு. எம்பி, நும்பி, தம்பி என்று மூன்றும் உண்டு. எனக்குப் பின் பிறந்தவன் எம்பி, உனக்குப் பின் பிறந்தவன் நும்பி, அவனுக்குப் பின் பிறந்தவன் தம்பி. அப்படியே எங்கை, நுங்கை, தங்கை. எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். குறுந்தொகையில் ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று கேட்பது இதைத்தான். இன்று எம்பியும் நும்பியும் மறைந்து, தம்பி ஒன்றே மூவருக்கும் பொதுவாய் நின்றது.

ஆனால் கவனியுங்கள். முன், பின் என்பது உடன்பிறந்தாருக்கு மட்டுமே வந்த அடை. தந்தையையோ மாமனையோ யாரும் தம்முன் என்று சொன்னதில்லை. உடன்பிறப்புச் சொல்லை எடுத்து உறவு முழுமைக்கும் குடை பிடித்தது ஐராவதி அம்மையார் செய்த மிகை.

திருமங்கலம் செல்வி | மாலை 4.02

ஐயாவே சொல்லிட்டாங்க. இதைத்தான் நானும் சொன்னேன்.

கீழமாசி வீதி | மாலை 4.08

ஐயா சொன்னது சொல்லுக்கு. நான் சொல்றது முறைக்கு. மறுபடி படிங்க. ‘இராவதி’.

திருமங்கலம் செல்வி | மாலை 4.41

சரி, முறைக்கே வர்றேன். தங்கச்சி மகள் விலக்குக்குத் ‘தம்முன் தம்பின்’ எல்லாம் தேவையே இல்லை, விரல் விட்டு எண்ணினாப் போதும். அக்கா பத்து வயசு மூத்தவங்க, பதினெட்டுல பிள்ளை பெத்தாங்கன்னா மாமனுக்கு அப்ப எட்டு வயசு. வித்தியாசம் எட்டு, கட்டலாம். தங்கச்சி அஞ்சு வயசு இளையவ, பதினெட்டுல பெத்தா மாமனுக்கு அப்ப இருபத்தி மூணு. அந்தப் பிள்ளை வளர்ற வரைக்கும் எவன் காத்திருப்பான்? ஊருல விலக்குன்னு வச்சது இந்தக் கணக்கைத்தான். அதுக்குப் பெரிய தத்துவம் கட்ட வேண்டியதில்லை.

கீழமாசி வீதி | மாலை 4.55

கணக்குத்தான்னா ஒரு வயசு இளைய தங்கச்சி மகளுக்கும், ஒரு வயசு மூத்த அக்கா மகளுக்கும் வித்தியாசம் ரெண்டே வருசம். அப்பவும் ஒருத்தி ஆகும், ஒருத்தி ஆகாது. விதிதான் கணக்கை மீறி நிக்குது, கணக்கு விதியை இல்லை.

உசிலைக்காரன் | மாலை 5.30

அக்கா மகள், அக்கா மகள்னு தென்னகம் முழுக்க ஒரே பாயில சுருட்டியாச்சு. கொண்டையங்கோட்டை மறவர்ல கிளை, அதாவது குலப் பிரிவு, தாய் வழி. பிள்ளைக்கு அம்மா கிளை. அப்ப மாமனுக்கும் அக்காளுக்கும் ஒரே கிளை, அக்கா மகளுக்கும் அதே கிளை. ஒரே கிளைக்குள்ள கட்ட முடியாது. அங்க அக்கா மகள் முதல் உரிமையும் இல்லை, கடைசி உரிமையும் இல்லை, கூடப் பிறந்தவ மாதிரி. அத்தை மகளும் மாமன் மகளும் வேற கிளை, அது ஆகும். நம்ம மதுரைக்குத் தெக்க நாப்பது மைல்ல இருக்கிற உண்மை இது. ஊர் ஊரா உக்காராம நாலு மண்டலம்னு கோடு கிழிச்சா இப்படித்தான் ஆகும். ஒரு ஊர்ல உக்காந்த துய்மோனுக்கு இந்தத் தப்பு வராது.

கீழமாசி வீதி | மாலை 5.52

மண்டலம்னா அதுல விதிவிலக்கே இருக்காதுன்னு யாரும் சொல்லலை. ஒரு ஊரைப் பார்த்தவர் ஊரைச் சொல்லுவார், நாட்டைப் பார்த்தவங்க நாட்டைச் சொல்லுவாங்க.

செல்லூர்க்காரன் | இரவு 7.15

நான் காலையில கேட்ட வரையறையை இன்னும் யாரும் கண்டுக்கலை. இருக்கட்டும். இந்த அம்மாவைப் பத்தி இவ்வளவு பேசுறோம், ‘யுகாந்தா’வை ஒருத்தர் கூடச் சொல்லலையே? மகாபாரத ஆட்களைச் சாமியா வைக்காம மனுசங்களா நிறுத்தி மராத்தியில எழுதி, 1968-ல சாகித்திய அகாடமி வாங்கினது. காண்டவ வனத்தைக் கிருஷ்ணனும் அர்ச்சுனனும் எரிச்சதை, அங்க இருந்த உயிரெல்லாம் வெந்ததை விடாம கேள்வி கேட்டிருப்பாங்க. விதுரன்தான் தருமனுக்கு அப்பாவா இருக்குமோன்னு சந்தேகம் வேற. ஊரை எரிச்ச கதையோடவே வளர்ற மதுரைக்காரங்களுக்கு அந்த நெருப்பு புரியணும்.

பண்டரிபுரம் நடைப்பயணம் எழுதினதும் உண்டு. ஒரே கூட்டத்துல பாடிக்கிட்டு நடக்கிறாங்க, சாப்பாட்டுக்கு உக்காரும்போது பிராமணர் தனி, மராத்தர் தனி. இவங்க ரெண்டு பக்கமும் போய் உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. நம்ம அழகர் பின்னாடி மலையில இருந்து வைகை வரைக்கும் நடக்கிற கூட்டத்தையும் அப்படி யாராவது அடுப்பு அடுப்பா எண்ணி எழுதணும்.

உசிலைக்காரன் | இரவு 7.28

அடுப்பை எண்ணினது நல்லது. மண்டையை எண்ணினது?

மானாமதுரை மண் | இரவு 7.50

கொய்னா அணையில நிலம் போனவங்களைப் பத்தி மகள் ஜெய் நிம்ப்கரோட சேர்ந்து கணக்கெடுத்ததையும் சேர்த்துக்கங்க. 1969. வைகை அணை 1959-ல திறந்தாங்களே, அதுல முங்கின ஊர்களுக்கு அப்படி வீடு வீடா ஒரு கணக்கு வேண்டியிருந்துச்சு. அந்த வேலையை மதிக்காம பேசுறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

நெறியாளர் | இரவு 8.30

மூன்று பதிவுகளில் சாதியைச் சொல்லித் திட்டியிருந்த வரிகளை நீக்கியிருக்கிறேன். தலைப்பு ஒருவரின் ஆய்வு வாழ்க்கை. அதற்குள் நின்று பேசுங்கள்.

உசிலைக்காரன் | இரவு 8.44

என் வரியைத்தான் நீக்கியிருக்கீங்க, அக்கா வரி அப்படியே நிக்குது. பரவாயில்லை. தட்டியில அந்தப் பேருக்குக் கீழ ‘பெர்லின், 149’னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க, நான் பேசாம இருக்கேன்.

கீழமாசி வீதி | இரவு 9.05

தாராளமா எழுதட்டும். ‘149-ஐயும் அளந்து, இனத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொன்னவர்’னு முழுசா எழுதட்டும். பாதியில நிறுத்துறதுக்குத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

உசிலைக்காரன் | இரவு 9.09

யாரோட மண்டை ஓடுன்னு அதுலயும் இல்லையே.

பேரையூர் ஐயா | இரவு 9.40

தட்டியில் எழுதுவதானால் ‘ஐராவதி’ என்று எழுதச் சொல்லுங்கள்.